டேனியப் படை அழுத மத்தியானம்

டென்மார்க்கின் வைலே நகரத்தில் யாரைக் கேட்டாலும் பிராங்க் படையில் சேர மாட்டார்கள். நீளத் தாடி வளர்த்தவர்கள், கையில் கோடரி பச்சை குத்தியவர்கள், பல் வைத்தியர்கள், கணக்காளர்கள் எல்லாருக்கும் டேனிய வைக்கிங் வீரர் ஆகத்தான் ஆசை.

ஒவ்வொரு கோடையிலும் ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரைப் புல்வெளியில் ஒரு வரலாற்றுக் கழகம் கி.பி. 811ஆம் ஆண்டை நடித்துக் காட்டும். அதற்கு முந்தைய ஆண்டு டேனிய மன்னர் கோட்ஃபிரெட்டை அவருடைய ஆளே கொன்றுவிட்டான். அடுத்து வந்த ஹெம்மிங், பிராங்குகளின் பேரரசர் சார்லமேனோடு மல்லுக்கட்ட விரும்பாமல் சமாதானம் பேசினார். இரு தரப்பிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பிரபுக்கள் ஐடர் ஆற்றங்கரையில் கூடிச் சத்தியம் செய்தார்கள். போர் முடிந்தது. கதை அவ்வளவுதான். ஆனால் கழகத் தலைவர் நிக்கலஸுக்கு அது போதவில்லை. ஆட்கள் கைகுலுக்குவதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆகவே சத்தியத்துக்கு முன்னால் ஒரு பெரிய சண்டையைச் செருகியிருந்தார். அதில் டேனியர்கள் வெல்வார்கள். பிராங்குகள் சாவார்கள். தப்பியவர்கள் சமாதானம் கேட்பார்கள்.

சாவதற்கு டேனியர்கள் கிடைக்கவில்லை. அதனால் ஒரு போலந்துக்காரர், இரண்டு பொஸ்னியர்கள், மிச்சமெல்லாம் யாழ்ப்பாணத்தவர் என்று சார்லமேனின் படை திரண்டது. அதன் தளபதி மகேந்திரராசா. நிக்கலஸோடு ஒரே யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நிக்கலஸ் கேட்டதும் மறுக்கத் தெரியாமல் தலையாட்டியவர், வருடா வருடம் டேனியக் கோடரியால் செத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, பிராங்குகளின் கூடாரத்தில் அவருடைய மனைவி தங்கமலர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள்.

"இண்டைக்கும் சாகப் போறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு."

"ஒருக்கா ஓடித் தப்பினால் என்ன?"

"பிராங்க் தளபதி ஓடமாட்டான்."

"ஊரில ஓடினனீங்கள்தானே. ஓடினபடியால்தான் இண்டைக்கு என்ர முன்னால நிக்கிறியள். நீங்கள் விழுந்து கிடக்க, சனம் கை தட்ட, அதைப் பாக்க எனக்கு ஏலாது."

மகேந்திரராசா தகர மார்புக் கவசத்தைத் துடைத்தார். தங்கமலர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சம்பல் இடிக்கும் உரலில் இன்னும் ஒரு கை செத்தல் மிளகாயைப் போட்டாள்.

முகாமில் அந்தக் காலத்துச் சாப்பாடு மட்டும்தான் என்பது கழகத்தின் கட்டளை. டேனியர்கள் விழாவின் மூன்று நாளும் உப்பில்லாத பார்லிக் கஞ்சி குடித்தார்கள். தங்கமலரோ ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தாள். போன வருடம் நிக்கலஸ் ஆட்சேபித்தபோது, "பிராங்குகள் என்ன சாப்பிட்டார்கள் என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்று டேனிஷில் திருப்பிக் கேட்டாள். அவர் பார்க்கவில்லை.

காற்று அன்று டேனியர் பக்கம் வீசியது. பொரித்த மணம் கஞ்சிப் பானைகளைத் தாண்டிப் போனது. முதலில் ஒரு வீரன் வந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அவனைத் தேடி இன்னொருவன் வந்தான். கொஞ்ச நேரத்தில் ஹெம்மிங்கின் படை முழுவதும் எதிரியின் கூடாரத்தில் வரிசையில் நின்றது.

"சம்பல் உறைப்பு. உங்களுக்குச் சரிவராது," என்றாள் தங்கமலர்.

"நாங்கள் வைக்கிங்குகள்!" என்று மார்பில் அடித்தார் பல் வைத்தியர்.

"அப்படியென்றால் இன்னொரு கரண்டி போடுகிறேன்."

சண்டைக்கான கொம்பு ஊதியது. டேனியப் படை கோடரிகளைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடியது. பாதித் தூரத்தில் பல் வைத்தியர் நின்றார். கோடரி கை நழுவியது. அவருடைய முகம் தலைக்கவசத்துக்குள் தக்காளிப் பழமாகியது. அடுத்து கணக்காளர் முழங்காலில் விழுந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஒருவர் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். படை முழுவதும் விம்மியது.

எதிரே வாளோடு நின்ற மகேந்திரராசாவுக்கு யாரை எதிர்ப்பது என்று தெரியவில்லை.

பார்வையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைக் பிடித்திருந்த நிக்கலஸ் ஒரு கணம் திகைத்தார். ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

"கொல்லப்பட்ட தங்கள் மன்னரை நினைத்து டேனியர்கள் அழுகிறார்கள்!" என்று குரலைத் தாழ்த்தினார். "இனிப் போரிட அவர்களுக்கு மனமில்லை!"

முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

அந்த நேரம் தங்கமலர் ஒரு வாளி நிறையக் குளிர்ந்த மோரோடு களத்துக்கு வந்தாள். டேனியர்கள் அவளை நோக்கித் தவழ்ந்தார்கள். அவள் வாளியைப் பின்னால் இழுத்தாள்.

"முதலில் சத்தியம்," என்றாள். "பிராங்குகளை இனிக் கொல்ல மாட்டோம் என்று."

"சத்தியம்!" என்று பல் வைத்தியர் கதறினார்.

"பன்னிரண்டு பேரும்!"

பன்னிரண்டு பேரும் ஆயுதத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அத்தனை வருடங்களில் அவ்வளவு உண்மையாக யாரும் அந்த வசனத்தைச் சொன்னதில்லை. கைதட்டல் ஃபியோர்டின் மறுகரை வரை கேட்டிருக்கும்.

மாலையில் தங்கமலர் வெற்றிக் களிப்போடு கணவனைத் தேடினாள். அவர் கார் நிறுத்துமிடத்தில் தனியாக இருந்தார். முகம் தொங்கிக் கிடந்தது.

"உங்களைக் காப்பாத்தியிருக்கிறன், சிரியுங்கோவன்."

"ஆர் காப்பாத்தச் சொன்னது?" அவர் வெடித்தார். "இந்த முறைச் சாவுக்கு எவ்வளவு பழகினனான் தெரியுமே? முதல் ஒரு முழங்கால், பிறகு வாளை ஊன்றி எழும்பி, திரும்பவும் விழுந்து... கராஜுக்குள்ள பாயைப் போட்டு விழுந்து பழகினனான். வருசம் முழுக்க யன்னல் கண்ணாடி தூக்கிறன். ஒருத்தரும் கை தட்டுறேல்ல. இஞ்ச விழுந்தால்தான் தட்டுகினம்!"

தங்கமலர் சிரிக்கவில்லை. கராஜில் ஏன் அடிக்கடி சத்தம் கேட்டது என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? நல்லாச் சாகிறன், வந்து பாரும் எண்டோ?"

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அழும் டேனியர்களைப் பார்க்கப் பக்கத்து நகரமான பிரெடெரிசியாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நிக்கலஸ் காலையிலேயே வந்து, சம்பலைப் பாதியாகக் குறைத்துத் தரும்படி பணிவாகக் கேட்டார். சண்டையை நீக்கிவிட்டார்.

டேனியர்கள் அழுதார்கள். மோர் வந்தது. பிரபுக்கள் எதிரெதிரே நின்று சத்தியம் செய்தார்கள். எல்லாம் முடிந்தது என்று சனம் எழும்பியபோது மகேந்திரராசா மார்பைப் பிடித்தார்.

"பழைய காயம்..." என்று டேனிஷில் முனகினார்.

ஒரு முழங்காலில் விழுந்தார். வாளை ஊன்றி எழுந்தார். திரும்பவும் விழுந்தார். பார்வையாளர் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்த மகள் நிரோஜினி, "ஃபார், டெ எ பின்லிட்!" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா மானத்தை வாங்குகிறார் என்று அர்த்தம். ஆனால் அவளைச் சுற்றியிருந்த எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு பல் வைத்தியரால் சும்மா நிற்க முடியவில்லை. "எனக்கும் பழைய காயம்!" என்று கத்தி விழுந்தார். கணக்காளர் சுழன்று விழுந்தார். போலந்துக்காரர் அவருக்கு மேல் விழுந்தார். இரண்டு சாம்ராஜ்யங்களின் பிரபுக்களும் ஒருவர் பாக்கியில்லாமல் புல்லில் கிடக்க, நிக்கலஸ் மட்டும் மைக்கோடு நின்றார்.

"இப்படியாக," என்றார் அவர், "811ஆம் ஆண்டில் நிலையான சமாதானம் உண்டாயிற்று."

தங்கமலர் வெறும் வாளியோடு நடந்து வந்து கணவனுக்கு மேல் குனிந்தாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"எப்பிடி?"

"நல்லாச் செத்தனீங்கள்," என்றாள். "இன்னும் தட்டுகினம். கொஞ்ச நேரம் அப்பிடியே கிடவுங்கோ."