மற்றப் பதிவு

கிராமசேவகர் தந்த படிவம் மூன்று நாளாக உப்புப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. என்னோடு பிறந்த இரட்டை, அன்ரோ, இறந்துவிட்டான் என்று அப்பா அதில் கையெழுத்து வைக்கவேண்டும். இயக்கம் அவனை வன்னிக்குக் கொண்டுபோய் ஐந்து வருடம். யுத்தம் முடிந்தும் இரண்டு வருடம். அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஜப்பானிலிருந்து லீவில் வந்திருந்தேன். காலையில் தன்னாமுனை வாவிக்கரையில் குந்தி, அப்பாவோடு வலையில் சிக்கல் எடுத்தேன். அங்கே என்னதான் வேலை என்று கேட்டார். துகள்களின் சிக்கலைச் சோதிக்கிறோம் என்றேன். வேறு சொல் வரவில்லை.

"இதுக்கா ஜப்பானுக்குப் போனாய்? இஞ்ச நாள்தோறும் கிடக்கே."

இது நூலில்லாத சிக்கல் என்று விளக்கினேன். மூன்று கிலோமீட்டர் வளையத்தில் இலத்திரனும் பொசித்திரனும் மோதும்போது சிலவேளை ஒரு சோடி பிறக்கும். எது பொருள், எது எதிர்ப்பொருள் என்று, ஒன்று சிதையும்வரை முடிவாகியிருக்காது. ஒன்று சிதைந்து பொருள் என்று காட்டினால், அந்தக் கணத்தில் மற்றது எதிர்ப்பொருள். பிறக்கும்போதே பிரிந்து, தனித்தனியாக முடிவெடுத்திருக்குமோ என்றும் பார்த்தோம். தரவு ஒத்துவரவில்லை. அந்தத் தரவின் வளைகோட்டை முதன்முதலாகத் திரையில் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் விரல்கள் நின்றன.

"இடையில கயிறு ஒண்டும் இல்லாமலா?"

"ஒண்டும் இல்ல."

ஆண்டவரே என்றார், மெல்ல. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீயும் அவனும் ஒரு வயித்துச் சோடி. உன்னப் பாத்து அவன் இருக்கானா எண்டு சொல்லேலாதா, மகள்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"ஏலாது அப்பா. மனிசர் துகள் இல்ல. அங்கயும் ரெண்டு பக்கத்துப் பதிவையும் ஒண்டா வச்சுப் பாத்தாத்தான் நாங்களே நம்புவம்."

சுனாமியன்று, நத்தார்ப் பெருநாளுக்குக் கடற்கரையோர நாவலடிக்குப் போயிருந்த அம்மாவின் உடலை அப்பாதான் தோளில் தூக்கி வந்தார். அவவின் படிவத்தில் ஒரு பேச்சும் பேசாமல் கையெழுத்து வைத்தவர்.

"கொம்மாவக் கண்ணால கண்டன், வச்சன். இவன்ட பதிவு இன்னும் வரல்ல. கடதாசியத் திருப்பிக் குடு."

சரி என்றேன். அவர் வலையை மடியில் இழுத்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தவர், அடுத்ததைத் தொடாமல் இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார். "கயிறு இல்லாம எப்பிடி?"