மூன்றாவது ஓலை

பிரசங்கம் முடிந்து பங்குச் சாமியார் கல்யாண ஓலைப் புத்தகத்தைப் பிரித்ததும் கிளாடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாந்தோமில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தடை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம். கிளாடிஸ், வால்டர் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இன்று மூன்றாவது. வியாழக்கிழமை கல்யாணம்.

அதே வியாழக்கிழமைதான் பம்பாயிலிருந்து கப்பல் புறப்படுகிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து வாரக் கோடைக்கால வகுப்பு. மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுபோகும் பெரிய லைன்களைப் பற்றிய படிப்பு. கிண்டியில் எஞ்சினீயரிங் முடித்த கிளாடிஸ், போன வருஷமே பாஸ்போர்ட் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். இடமில்லை என்றவர்கள், யாரோ விலகியதால் இப்போது கூப்பிட்டிருந்தார்கள். கடிதம் வந்ததே வெள்ளிக்கிழமைதான்.

"ரெண்டு ஓலையோட நின்னா யாரோ தடை சொல்லிட்டாங்கன்னு ஊரே பேசும். அப்புறம் உன்னை எவன்டி கட்டுவான்?" என்று அம்மா அழுதாள்.

வால்டர் பள்ளிக்கூட வாத்தியார். கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்று சைக்கிளில் ஏறிப் போனவன், சனிக்கிழமை முழுக்கத் தலைகாட்டவில்லை.

சாமியார் இப்போது விக்டர், ஐவி என்ற வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டார்.

கிளாடிஸ், வால்டர் ஓலை வரவே இல்லை. கப்பல் வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டாள், வால்டர் வேண்டாம் என்றா? வால்டர் உட்கார்ந்திருந்த ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பியாட்ரிஸ் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது? உங்க ஓலையை வாசிக்கவே இல்ல? எவன் தடை சொன்னான்?"

"நான்தான் அத்தை" என்றான் பின்னால் வந்த வால்டர்.

"மாப்பிள்ளையேவா! பொண்ணுகிட்ட இன்னா குறை கண்டே நீ?"

"குறையெல்லாம் இல்ல. வியாழக்கிழமை இவளுக்குக் கப்பல். சாமிகிட்ட லெட்டரையே காட்டிட்டேன். இவ அக்டோபர்ல வந்ததும் முதல்லேர்ந்து மூணு ஓலை வாசிப்பாரு."

அத்தை விரல்விட்டு எண்ணினாள். "ஊருக்கெல்லாம் மூணு ஓலை, உங்களுக்கு மட்டும் அஞ்சா?"

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நேத்து ஒரு வார்த்தை வந்து சொல்லக்கூடாதா?" கிளாடிஸ் வால்டர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து பூரா கடைகடையா ஏறி இறங்கினேன். மெட்ராஸ்ல மே மாசம் கம்பளிச் சட்டை கேட்டா, ஒரு மாதிரியா பாக்கறாங்க."

சைக்கிள் கைப்பிடியில் ஒரு பொட்டலம் தொங்கியது. கிளாடிஸ் அதைப் பிரித்து, அந்தக் கொளுத்தும் வெயிலில், எல்லோரும் பார்க்க, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.