ஜினெட் சிரித்த இடம்

செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குப் பேர்ளி மிஸ்டர் பெரிமனின் வீட்டில் இருக்கவேண்டும். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, ரூ லூயி-பிளாங்கைத் தாண்டினால் வரும் சின்னத் தெருவில் அவருடைய வீடு. நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. பேர்ளிக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்கால் இரண்டு வருடமாகவே சொல்வழி கேட்பதில்லை. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவைத்து, சமைத்து, துடைத்துவிட்டு வருகிற வேலையைப் பதினேழு வருடமாகச் செய்கிறாள். ஒரு நாளைக்கு நாலு வீடு, சில நாட்களில் ஐந்து. கணவர் யேசுரட்ணம் உணவகச் சமையலறையில் வேலை. அவர் வரும்போது இவள் உறங்கியிருப்பாள், இவள் போகும்போது அவர் உறங்கிக்கொண்டிருப்பார். இருவரும் ஆறுதலாக முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுதான்.

மிஸ்டர் பெரிமனுக்குத் தொண்ணூற்றொரு வயது. இங்கிலாந்துக்காரர். இளைஞனாகப் பாரிசுக்கு வந்து ஆங்கிலம் படிப்பித்து, தபால் கந்தோரில் வேலை செய்த ஜினெட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து, அப்படியே தங்கிவிட்டவர். ஜினெட் இறந்து பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளியில் படித்த ஆங்கிலம் பேர்ளியிடம் கொஞ்சம் மிச்சமிருந்ததால் அவர் அவளுடன் ஆங்கிலத்திலேயே கதைப்பார். அவளுக்கு அது களைப்பாக இருக்கும். ஆனாலும் பதில் சொல்லுவாள்.

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். படுக்கையறை அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. பெரிய தட்டுப்போல இரண்டு சுருள்கள் சுற்றுகிற வகை. அது பழுதாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, யாராவது திருத்துவார்களா என்று கேட்டார். வேலைத்திட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவளுடைய வேலைநேரங்களை நிறுவனத்தில் ஆரெலி என்ற பெண் நிமிடக் கணக்கில் தொலைபேசிக்கு அனுப்பிவைப்பாள். குளியலுக்கு இருபத்தைந்து, காலைச் சாப்பாட்டுக்குப் பதினைந்து என்று இருக்கும். டேப் ரெக்கார்டருக்கு நிமிடம் இல்லை. ஆனாலும் பேர்ளி அடுத்த வெள்ளிக்கிழமை, மரக்கறி வாங்குகிற சில்லு வைத்த பையைக் கொண்டுவந்து, இயந்திரத்தைப் போர்வையில் சுற்றி, ஒவ்வொரு படியாக நாலு மாடியும் இறக்கினாள். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று, பக்கத்தில் பெட்டிகளில் இருந்த பதிவுச் சுருள் இரண்டையும் எடுத்தாள்.

ரூ லூயி-பிளாங்கில் அருள்நேசன் தொலைபேசிக் கடை வைத்திருந்தான். ஐம்பது தாண்டியவன். கண்ணாடி உடைந்த ஐபோன்கள்தான் அவனுடைய பிழைப்பு என்றாலும், பழைய கல்யாண வீடியோக்களைக் கணினியில் ஏற்றிக்கொடுப்பதும் அவன்தான். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவன் முதலில் சிரித்தான்.

"அக்கா, இது என்னைவிட மூத்தது. இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ. உள்ளுக்கை றப்பர் பெல்ட் உருகியிருக்கும்."

அவன் சொன்னது சரிதான். பெல்ட்டை ஜெர்மனியிலிருந்து எடுப்பித்துப் போட மூன்று கிழமை ஆயிற்று. இயந்திரம் ஓடிய அன்று அவன் பேர்ளிக்குத் தொலைபேசி அடித்து, கடைக்கு வரமுடியுமா என்று கேட்டான். குரலில் ஏதோ இருந்தது. அவள் மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் இடையில் சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

சுருள் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதியிருந்ததை அருள்நேசன் கணினியில் தேடிப் பார்த்திருக்கிறான். 'லிட்டில் விக்கம் ஃபயர் பிரிகேட்' என்பது அறுபதுகளின் தொடக்கத்தில் ஆங்கில வானொலியில் போன நகைச்சுவைத் தொடர். நெருப்பு அணைந்த பிறகுதான் எப்போதும் போய்ச் சேருகிற ஒரு கிராமத்துத் தீயணைப்புப் படையின் கதை. அந்தக் காலத்தில் நாடா விலை கூடியபடியால், ஒன்றிரண்டு முறை ஒலிபரப்பியதை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்களாம். அப்படி அழிந்துபோனவற்றைத் தேடித்திரிகிற ஒரு சங்கம் இங்கிலாந்தில் இருந்தது. அவர்களுடைய பட்டியலில் இந்தத் தொடரின் நாலு பாகங்களுக்கு நேரே 'இல்லை' என்று போட்டிருந்தது. பேர்ளி கொண்டுவந்தவை அந்த நாலில் இரண்டு.

"மிச்ச ரெண்டும் அவரிட்டை இருக்குமோ, அக்கா?"

இருந்தன. அலுமாரியின் அடித்தட்டில், ஜினெட்டின் குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால்.

செவ்வாய்க்கிழமை இந்தச் செய்தியைச் சொன்னபோது மிஸ்டர் பெரிமன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தொலைந்து ஒன்றும் போகவில்லையே, அறுபது வருடமாக அலுமாரிக்குள்தானே இருக்கிறது, யாரும் கேட்கவில்லை என்றார். பிறகு சுருளைப் போடச் சொன்னார்.

பேர்ளி தரை துடைத்தபடி கேட்டாள். அந்த நாட்களில் அவர் வானொலிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்திருக்கிறார். அதனால் வானொலிக்குள் நடந்ததோடு அந்த அறைக்குள் நடந்ததும் பதிவாகியிருந்தது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கரண்டி ஒன்று கோப்பையில் பட்டது. தீயணைப்புத் தலைவர் ஏதோ பகிடி சொன்னார், அரங்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் ஓர் இளைஞனின் குரல் பிரெஞ்சில் கிசுகிசுத்தது. அதன்பிறகு ஒரு பெண் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்குகிற சிரிப்பு. அதற்குள் நாடகம் அடுத்த இரண்டு வசனங்களைக் கடந்து போய்விட்டிருந்தது.

ஜினெட்டுக்கு அப்போது ஆங்கிலம் வராதாம். ஒவ்வொரு பகிடியையும் அவர் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் சிரிப்பாள் என்று மிஸ்டர் பெரிமன் சொன்னார். அன்றைக்கு அவர் குளிக்கவும் மறுத்துவிட்டார். ஆரெலிக்கு அனுப்பும் குறிப்பில் பேர்ளி குளித்தார் என்று போட்டாள். பதினேழு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

அருள்நேசன் சங்கத்துக்கு எழுதினான். இரண்டாம் நாளே பதில் வந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் கெல்வின் மார்ஷ் என்பவர் நேரில் வந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்திய கிழமை மிஸ்டர் பெரிமனுக்கு நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கெல்வின் மார்ஷின் பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பேர்ளி கேட்டதற்கு அவர் முகத்தில் ஒக்சிசன் குழாயோடு கையை ஆட்டினார். வரட்டும், வீட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறது, எடுத்துக்கொடுங்கள் என்றார். ஆரெலியும் அந்த வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டுக்குரிய நேரத்தை மட்டும் விடுப்பாக எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

கெல்வின் மார்ஷுக்கு எழுபது வயதிருக்கும். பேருந்து நிறுவனமொன்றில் நேர அட்டவணை போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு மாடியும் ஏறி வந்து மூச்சு வாங்கியபடி நின்றவர், தரை ஈரமாக இருப்பதைக் கண்டு வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். பேர்ளிக்கு அவர்மேல் அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது. மடிக்கணினியை இணைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, முதல் சுருளைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். முப்பது வருடமாகத் தேடுகிறேன் என்றார். இந்தப் பாகத்தைத் தனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தகப்பனோடு மறு ஒலிபரப்பில் கேட்டதாகவும் சொன்னார்.

பேர்ளி அவருக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மிஸ்டர் பெரிமனின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாவது சுருளில் கெல்வின் மார்ஷ் ஓர் இடத்தில் நிறுத்தினார். பின்னுக்குச் சுற்றினார். மறுபடி கேட்டார். மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"மற்ற மூன்றையும் சமாளிக்கலாம். இதில் மட்டும், கடைசிக் காட்சியில், தலைவர் சொல்லும் வசனம் ஒன்று இந்தச் சத்தத்துக்கு அடியில் போய்விட்டது."

"சத்தம் இல்லை. அது அவருடைய மனைவி."

அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில், பயப்படவேண்டாம் என்றார். இப்போது கணினியால் இதையெல்லாம் எடுத்துவிடலாம். கிசுகிசுப்பு, கரண்டி, சிரிப்பு எல்லாவற்றையும். "மனைவி அந்த அறையில் இருந்தார் என்பதே ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

பேர்ளியின் கையில் மிஸ்டர் பெரிமனின் கம்பளிச் சட்டை இருந்தது. அதை மடித்து முடித்துக் கட்டிலில் வைத்தாள். காலையிலிருந்து முழங்கால் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் ஒரு கிழவி மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள். இது தன்னுடைய வீடும் அல்ல, தன்னுடைய சுருளும் அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் மேசைக்குப் போய், நாலு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கையை வைத்தாள்.

"அப்படியென்றால் கொண்டுபோகாதீர்கள்."

மற்றவர்களுடைய வீட்டில் நின்றுகொண்டு அவள் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை.  கெல்வின் மார்ஷ் கோபப்படவில்லை. கால்மேசோடு நாற்காலியில் சாய்ந்து, தேநீரைக் குடித்து முடித்தார். ஏற்கெனவே கணினியில் ஏறியதை என்ன செய்வது என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். பெரிமன் சம்மதித்தால் வைத்துக்கொள்வேன், மறுத்தால் அழித்துவிடுவேன் என்றார். இன்னொன்றும் கேட்டார். ஸ்கிரிப்டும் எங்கும் இல்லை. அந்த வசனம் என்னவென்று அவருக்கு ஒருவேளை ஞாபகம் இருக்கலாம், விசாரிக்க முடியுமா?

மாலையில் கடைசி வீட்டை முடித்துக்கொண்டு பேர்ளி மருத்துவமனைக்குப் போனாள். வீட்டுக்குப் போகும் வழி அல்ல அது. இரண்டு மெற்றோ மாறவேண்டும். மிஸ்டர் பெரிமன் முந்திய நாளைவிட வெளிறியிருந்தார். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். களைப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து வந்தது. தான் பெட்டிகளின்மேல் கையை வைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு அந்த வசனத்தைப் பற்றிக் கேட்டாள்.

"எனக்கும் தெரியாது. தலைவர் அதைச் சொல்லும்போது நான் அவளுக்கு முந்தின பகிடியை விளக்கிக்கொண்டிருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கப்போய், சிரிப்பு இருமலாகி, தாதி ஓடிவந்து தலையணையை உயர்த்திவிட்டாள். இருமல் நின்றபின் அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உறங்கிவிட்டார் என்று நினைத்துப் பேர்ளி பையை எடுத்தாள்.

"கேட்கப்போகிறவர்களுக்கு அவள் யார்?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அவர்கள் தீயணைப்புக்காரரைக் கேட்கத்தானே வந்திருக்கிறார்கள். மூன்றைத் துடைக்கட்டும். நாலாவதைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். அதில்தான் அவள் கூடுதலாகச் சிரிக்கிறாள்."

மருத்துவமனை வாசலில் நின்று பேர்ளி கெல்வின் மார்ஷுக்கு அடித்தாள். அவர் ரயிலுக்காகக் கார் து நோரில் காத்திருந்தார். அறிவிப்புகளின் சத்தத்துக்கு நடுவே இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு சரி என்றார். நாலு சுருள்களும் பதிந்தது பதிந்தபடி ஒரு பிரதி காப்பகத்தில் எப்போதும் இருக்கும் என்று தானாகவே சேர்த்துச் சொன்னார்.

மூன்று கிழமை கழித்து மிஸ்டர் பெரிமன் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு அவர் படி இறங்கவில்லை. ஆரெலி அவருக்குக் கிழமையில் ஐந்து நாள் ஒதுக்கினாள். பேர்ளிக்கு இரண்டு வீடு குறைந்து இது கூடியது. அருள்நேசன் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவர் தடவிப் பார்த்தே போடக்கூடியதாக இயந்திரத்தின் விசைகளில் சின்னச் சின்ன ஒட்டுகள் ஒட்டிவிட்டுப் போனான்.

பங்குனியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அடுத்த நாள் காலை கெல்வின் மார்ஷ் அழைத்தபோது பேர்ளி மிஸ்டர் பெரிமனுக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

எழுபது பேர்போல வந்திருந்தார்களாம். துடைத்த மூன்றையும் எல்லாரும் நன்றாக ரசித்தார்கள். நாலாவதைப் போடுமுன் அவர் எழுந்து, இதில் ஜினெட் பெரிமன் என்ற அம்மையாரின் குரலும் இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். கடைசிக் காட்சி வந்தது. ஜினெட் சிரித்தாள். வசனம் ஒருவருக்கும் கேட்கவில்லை. முதலில் மண்டபம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க, அப்படியே எல்லாரும் சிரித்தார்கள்.

மிஸ்டர் பெரிமனின் ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை இருந்தது. அவர் தொலைபேசி இருந்த திசையை நோக்கித் தலையைத் திருப்பினார்.

"பிந்தியா சிரித்தார்கள்?"

"கொஞ்சம் பிந்தித்தான்" என்றார் கெல்வின் மார்ஷ்.

மிஸ்டர் பெரிமன் தலையை ஆட்டினார். பேர்ளி ஈரத் துணியால் அவருடைய தாடையைத் துடைத்து, மிச்சக் கன்னத்தையும் வழித்தாள்.  அழைப்பு முடிந்தபோது ஆரெலி கொடுத்த நிமிடம் தாண்டிவிட்டிருந்தது. இன்னும் குளியல் இருந்தது, கட்டில் விரிப்பு மாற்ற இருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, முழங்காலை நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.