இருபத்திரண்டாம் கட்டிலுக்கு ஒரு கையெழுத்து

'உள்நோயாளிகள்' தொடரில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், சம்மதக் கையெழுத்துப் போட எங்கள் ஊரிலிருந்துதான் ஒருவர் போக வேண்டும். நோயாளிகளுக்குச் சொந்தக்காரர்களாக நடிப்பவர்கள் யாரும் நிலையாக இருப்பதில்லை. ஒருத்தி கல்யாணமாகி கனடா போய்விடுகிறாள், ஒருவன் வேறு சேனலில் வில்லனாகிவிடுகிறான். பார்க்கிற நாங்கள்தான் பத்தொன்பது வருடமாக மாறாமல் இருக்கிறோம். அதனால் பொறுப்பும் எங்களுடையது.

செவ்வாய்க்கிழமை காலையில் தாலுகா ஆபீஸ் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் அதை முதலில் படித்தவள் நான். இருபத்திரண்டாம் கட்டில், பஸ் கண்டக்டர் தங்கப்பழம், வயிற்றில் கட்டி, வெள்ளிக்கிழமை எபிசோடில் ஆபரேஷன். நெருங்கிய உறவினர் என்று சான்றிதழ் வாங்கியவர் வியாழக்கிழமைக்குள் வந்து கையெழுத்திட வேண்டும். ஆபரேஷன் செய்யாவிட்டால் நோயாளி வெள்ளிக்கிழமையைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் இளவழகன் கைப்பட எழுதியிருந்தார்.

தங்கப்பழம் என்றால் எனக்கு உயிர். அறுபத்தொன்றாவது எபிசோடில் வயிற்றுவலி என்று தோளில் பையோடு வந்து படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அன்று ஒருவருக்கு ஆதார் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பதினோரு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினேன்.

உறவுமுறைச் சான்றிதழ் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிடித்த எபிசோடுகளை வி.ஏ.ஓ. முன்னால் சொல்ல வேண்டும். டாக்டர் இளவழகனும் நர்ஸ் ரெபெக்காவும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு வாரம் பிடிக்கும் என்பவர்கள் சம்பந்தி வகையறா. என் வீட்டுக்காரர் அந்தக் கட்சி. விசேஷத்தில் முன்வரிசையில் உட்காரலாம், கையெழுத்துப் போட முடியாது. வெள்ளம் வந்து ஆஸ்பத்திரி தீவாகி, மொட்டை மாடியில் பிரசவம் பார்த்த நாற்பது எபிசோடு பிடித்தவர்கள் அக்கம்பக்கத்தார். அவர்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நெருங்கிய உறவு என்றால் நோயாளியின் சொந்தக் கதையே பிடித்திருக்க வேண்டும்.

வி.ஏ.ஓ. கிருபாகரன் முன்னால் இரண்டே பேர்தான் நின்றோம். நானும், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அற்புதராஜ் அண்ணாச்சியும்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்றார் வி.ஏ.ஓ.

"ஆயிரத்து எட்டாவது எபிசோடுல, தங்கப்பழம் படுத்துக்கிட்டே வார்டு பூராவுக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரே, அது. டிக்கெட் வாங்கினவுக எல்லாரும் மறுநாள் குணமாகி ஊருக்குப் போயிட்டாக." அண்ணாச்சி டிக்கெட் கிழிப்பதுபோல் விரலை அசைத்துக் காட்டினார். "அப்புறம், ஒரே குளுக்கோஸ் பாட்டில் தீராம மூணு மாசம் ஓடுச்சே, அந்தக் கதை."

நல்ல எபிசோடுகள்தான், குறை சொல்ல முடியாது. வி.ஏ.ஓ.வே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதை நினைத்துக்கொண்டிருந்தார்.

"சான்றிதழ் குடுத்தா கையெழுத்துப் போடுவீகளா?"

"போட மாட்டேன் சார். குணமானா டிஸ்சார்ஜ் பண்ணிருவாக. கட்டில் காலியாயிரும். அப்புறம் ஏழரை மணிக்கு நான் யாரப் பாக்குறது?"

"செத்துருவாருன்னு டாக்டரே எழுதியிருக்காரு அண்ணாச்சி!" என்றேன்.

"அவன் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவான் தாயி. விளம்பரத்துக்கு முன்னாடி சொல்லுவான், விளம்பரம் முடிஞ்சதும் மறந்துருவான்."

சான்றிதழ் இவர் கைக்குப் போனால் தங்கப்பழம் வெள்ளிக்கிழமை முடிந்துவிடுவார். ஆனால் கட்டில் காலியாகும் என்று அண்ணாச்சி சொன்னதும் பொய்யில்லை. நான் கையெழுத்துப் போட்டாலும் அவர் போய்விடுவார், நடந்து போவார், அவ்வளவுதான் வித்தியாசம். நடந்தே போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"மங்களேஸ்வரியக்கா, நீங்க சொல்லுங்க."

"எழுநூத்தி முப்பத்தொண்ணுலருந்து எழுநூத்தி அம்பத்திரெண்டு வரைக்கும்."

வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டினார். "அதுல ஒண்ணுமே நடக்கலையேக்கா. சும்மா கண்ணத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பாரு. வசனமே கிடையாது."

"அதான் பிடிக்கும்."

"ஏன் பிடிக்கும்?"

"தெரியல சார். பிடிக்கும்."

பின்னால் நின்ற சம்பந்தி வகையறா சிரித்தது. என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

இருவருமே தங்கப்பழத்தின் கதையைச் சொன்னதால் இழுபறி ஆனது. இழுபறி என்றால் நோயாளியிடம் வாக்குமூலம் வாங்குவது சட்டம். நாங்கள் அவர்களைப் பார்க்கும் அதே நேரத்தில் அவர்களும் எங்களைப் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த ஊரில் ஏழரைக்கு முன்னால் எல்லோரும் தலைவாரிக்கொள்கிறோம்.

புதன்கிழமை ஏழரைக்குத் தாலுகா ஆபீஸில் நிற்க இடமில்லை. பீரோ மேல் இருந்த டிவியில் பாட்டு முடிந்து வார்டு வந்தது. ரெபெக்கா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள். வி.ஏ.ஓ. எழுந்து நின்று, எங்கள் இருவர் வீட்டிலும் அவருக்குப் பிடித்த எபிசோடு எது என்று கேட்டார். தங்கப்பழம் தலையணையைச் சரிசெய்துகொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி வீட்டுல ஒரு தீவாளி. புதுச் சட்டையில விலைச் சீட்டக் கிழிக்காமலே போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருந்தாரு. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு குளுக்கோஸ் ஊசியே கழண்டுருச்சு. ரொம்பப் பிடிச்ச எபிசோடு."

அற்புதராஜ் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். எனக்கு எல்லாம் போயிற்று என்று தோன்றியது.

"மங்களேஸ்வரி வீட்டுல எனக்குப் பிடிச்சது ஒரு மாசம்" என்றார் தங்கப்பழம். "வீட்டுக்காரரு தறி வேலைக்கு சூரத் போயிருந்தாரு. வீட்டுல வேற யாரும் கிடையாது. அது ஒத்தையா உக்காந்திருக்கும். விளம்பரத்துக்குக்கூட எந்திரிக்காது. நான் கண்ண மூடினா அதுக்கு முகம் மாறிரும். அதனால அந்த மாசம் பூரா நான் கண்ண மூடவே இல்ல சார்."

வி.ஏ.ஓ. தேதியைச் சரிபார்த்தார். எழுநூற்று முப்பத்தொன்றிலிருந்து எழுநூற்று ஐம்பத்திரண்டு வரை. நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அற்புதராஜ் அண்ணாச்சி மேசை மேலிருந்த மைப்பெட்டியை வி.ஏ.ஓ. பக்கம் தள்ளி வைத்தார்.

"முத்திரையப் போடுங்க சார். தாயி, பிளாஸ்க்கு இருக்கா? இல்லன்னா என்னோடத எடுத்துக்கிட்டுப் போ."

மறுநாள் காலை பஸ் நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில் தொடருக்குப் போகும் நேர் பஸ்ஸைப் பிடித்தேன். கூட்டம் இல்லை. வார்டு டிவியில் தெரிவதைவிடச் சின்னதாக இருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். முதல் இரண்டைச் சட்டென்று போட்டேன். மூன்றாவதில் பேனா நகரவில்லை.

"போடும்மா" என்றார் தங்கப்பழம். "படுத்துப் படுத்து முதுகு புண்ணாப் போச்சு."

போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கு விளம்பரம் போகும்வரை அணையவில்லை. அணைந்ததும் டாக்டர் இளவழகன் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம் என்பதால் கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார். நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. இதற்காகவா பத்தொன்பது வருடம் என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். பிளாஸ்க்கிலிருந்த காபியில் பாதியை அவருக்கே கொடுத்தேன்.

அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். கையெழுத்துப் போட்டவர்தான் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு நாற்காலி. மூன்றாவதைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டோம். ஏழரை மணிக்குத் தங்கப்பழம் அதைத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்கு அருகில், எங்களைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அற்புதராஜ் அண்ணாச்சியும் ஒரு ஸ்டூலோடு வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

டிவியில் இருபத்திரண்டாம் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம், தாலுகா ஆபீஸில் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை என்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"இப்பத்தான் கதை சூடு பிடிக்குது" என்றார் அற்புதராஜ்.

தங்கப்பழம் ரிமோட்டை எடுத்து என்னை நோக்கி நீட்டி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்தினார். என் குரல் தெருவரை உயர்ந்தது.