செல்லியின் காய்ச்சல் அட்டை

நாற்பத்தெட்டு மணி நேரம். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு நடுங்கத் தொடங்கிய செல்லி, வெள்ளிக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு மறுபடி நடுங்கினாள். மலைமேல் இருந்த சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கும் வேலைக்கு வந்த சம்பூர்ணம், கைக்கடிகாரத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த மழைக்காலத்தில் செல்லிக்கு இது நாலாவது மலேரியா. மாத்திரை கொடுத்தால் எழுந்து சாமைக் கொல்லைக்குப் போவாள். மூன்றாம் வாரம், கழியில் துணி கட்டித் தூக்கிவரும் டோலியில் திரும்பி வருவாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதியது, 'அப்ஸ் அண்ட் டவுன்ஸ்'. இன்றும் அதையே எழுதச் சொன்னார். கூடவே, மண்ணீரல் கல்லாக வீங்கிவிட்டது, ஐந்தாம் முறை வந்தால் தாங்கமாட்டாள் என்றும் சொல்லிப் போனார்.

செல்லியின் விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைச் சம்பூர்ணம் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நீல மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. கல்லூரிப் புத்தகத்தில் பார்த்தவைதான். ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இவைதானா மணி தவறாமல் ஓர் உடம்பை உலுக்குகின்றன?

ஐந்து மணிக்கு வேர்த்துக்கொட்டி, செல்லி கண் திறந்தாள்.

"இன்னா பாப்பா, எழுதாம கீற?"

"டாக்டர் சொன்னதை எழுதணும்க்கா. ஏத்த எறக்கம்னு அர்த்தம்."

"மலையில பொறந்தவளுக்கு அதை எழுதி வேற காட்டணுமா!"

வாசலில் குந்தியிருந்த அவள் புருஷன் ராஜாக்கண்ணு சிரித்தான். சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. யாரையும் எதிர்த்துக் கேட்டுப் பழகாதவள், பேனாவை மூடினாள்.

"அக்கா, போன தடவை குடுத்த மாத்திரையெல்லாம் தின்னீங்களா?"

"தின்னேனே."

"பத்தும்?"

செல்லி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பாப்பா கேக்குதில்ல, சொல்லேன்" என்றான்.

"தேனு எடுத்தா பங்கு. கறி வந்தா பங்கு. கைக்கொழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு, எங்க வழக்கம் அது. வூட்டுக்குள்ள வந்ததை ஒருத்தியே எப்படி தின்றது, பாப்பா?"

சம்பூர்ணம் அட்டையைக் கட்டில்மேல் வைத்தாள்.

"வூட்ல அஞ்சு பேரு. ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு ரெண்டு தின்னோம்."