கழிவு போக இருபது கிலோ

நெடும்பாசேரி விமான நிலையத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பத்தில் யாரும் டிக்கெட் போடுவதில்லை. நான் பைலட் இல்லை, வேன் டிரைவர். பெயர் கர்ணன். விமானத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் ஏழு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை அந்த வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு வருகிறேன். அது திறந்த புதிதில் கார் நிறுத்தும் இடத்தில் வேனைக் குறுக்கே போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கலாம், எழுப்ப நாதி கிடையாது. இப்போது ஒரு இடம் கிடைப்பதற்குள் மூன்று சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. மஸ்கட்டுக்கு ஒன்று, தோகாவுக்கு ஒன்று என்று புதுப்புது விமானமாக விடுகிறார்கள். எது எத்தனை மணிக்குக் கிளம்பும், எதில் சாப்பாடு போடுவார்கள், எதில் தண்ணீருக்கும் காசு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெருவில் என் பெயரே 'ஏர்போர்ட்' கர்ணன்தான். அந்தப் பெயருக்கு 2006 பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது.

வந்தது முகைதீன் பாய் மூலமாக. கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவர். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் வெட்டுகிற பன்னீர் திராட்சையில் பாதி அவருடைய தராசில் ஏறி இறங்கித்தான் வெளியூர் போகும். அவருக்கு ஒரே மகள் பாஜிலா. கல்யாணமாகி மாப்பிள்ளை நௌஷாத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். ஆறு வருஷம் பார்க்காத டாக்டர் இல்லை, போகாத தர்கா இல்லை. இப்போதுதான் நாலு மாசம். ஆனால் மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுகோஸ் ஏற்றிவிட்டார்கள். கிடந்து கிடந்து ஒரு நாள் போனில் சொல்லியிருக்கிறாள், "அத்தா, நம்ம பன்னீர் திராட்ச ரெண்டு கெடச்சா தின்னுருவேன் போலருக்கு."

பாய் அன்றைக்கே என் வேனைத் தேடி வந்துவிட்டார்.

"ஏலே கர்ணா, நான் ஊரு ஊரா லாரியில ஏத்தி விடுறவன். பெத்த மகளுக்கு ஒரு கொத்து குடுக்க வழியில்லயேடா" என்றார். அவ்வளவு தணிந்து அவர் பேசி நான் கேட்டதில்லை. முப்பது வருஷமாகக் கமிஷன் கடையில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை.

பன்னீர் திராட்சை லேசுப்பட்டதில்லை. தோல் மெலிசு, காம்பை விட்டு உதிர்ந்துவிடும். முன்பு போல பம்பாய் போய், அங்கே ஒரு நாள் காத்திருந்து விமானம் மாறினால் போய்ச் சேருவது திராட்சை ரசம்தான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"பாய், போன மாசத்துலருந்து ஷார்ஜாவுக்கு மத்தியான விமானம் ஒண்ணு விட்டுருக்காக. நேரா போயிரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கன இருக்கலாம்."

"அப்ப நானே கொண்டு போறேன்" என்றார். ஹஜ்ஜுக்கென்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் இருந்தது. மாப்பிள்ளை பத்தே நாளில் விசா அனுப்பிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் வைத்து எடை பார்த்தோம். இங்கேதான் கோளாறு ஆரம்பம். எங்கள் ஊர் திராட்சை வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. சரக்கைக் கிரேட்டோடு தூக்கித் தராசில் வைப்பார்கள். காலி கிரேட்டின் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் கழிவு. கிரேட்டை யாரும் தின்னப்போவதில்லை, அதற்கு எதற்கு எடை என்பது நியாயம்தானே?

மாப்பிள்ளை போன தடவை கொண்டுவந்த சக்கரம் வைத்த சூட்கேஸ், இரும்புப் பெட்டிக்குத் தம்பி மாதிரி கனம். அதற்குள் பாயின் உடுப்பு, மகளுக்கு அவர் சம்சாரம் மெஹராஜ் அக்கா செய்த பலகாரம், ஒரு கனத்த போர்வை, போதாததற்குத் தெருவில் ஷார்ஜாவில் ஆள் இருக்கிற வீடெல்லாம் கொடுத்த பொட்டலம். ஊறுகாய், மிளகாய்ப்பொடி, முறுக்கு. மூன்று வருஷமாக மகனைப் பார்க்காத பஞ்சம்மாள் நடந்தே வந்து, பொன்னுராஜுக்கு என்று ஒரு டப்பா இட்லிப்பொடியைப் பாயின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாம் சேர்த்துத் தராசில் ஏற்றினால் இருபத்தைந்து.

"சூட்கேஸு கழிவு அஞ்சு. சரக்கு இருபது. டிக்கெட்டுல எவ்வளவு போட்டுருக்கு?"

"இருபது பாய்."

"எடைன்னா எடை. என்னடா சொல்ற, ஏர்போர்ட்டு?"

நான் தலையை ஆட்டினேன். ஏழு வருஷம் என் வேனில் கிரேட்டும் ஏறியிருக்கிறது, சூட்கேஸும் ஏறியிருக்கிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கக்கூடாது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திராட்சை தனி. சாயங்காலம் தோட்டத்தில் பாயே நின்று கொத்துக் கொத்தாகப் பார்த்து வெட்டி, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினார். கையில் ஏழு கிலோ கொண்டு போகலாம். அது ஆறரை இருந்தது.

விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். போகிறது ஒருவர், வழியனுப்ப வந்தது பன்னிரண்டு பேர். அது எங்கள் ஊர் வழக்கம், மாற்ற முடியாது. குமுளி ஏறி, குட்டிக்கானம் இறங்கி, வழியில் புளிச்சாதத்தைப் பிரித்துத் தின்று, பதினொன்றரைக்கு நெடும்பாசேரி போய்விட்டோம். பாய் துஆ ஓதிவிட்டுத் தள்ளுவண்டியோடு வாசலுக்குப் போனார். மெஹராஜ் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்ணா, அவக ஒத்தையில போறாக. நீ பார்வையாளர் சீட்டு வாங்கிட்டுக் கூடப் போயி பாரு. உனக்குத்தான் உள்ள எல்லாம் தெரியுமே."

உண்மையைச் சொல்கிறேன். அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஜில்லென்று காற்று. கண்ணாடிபோலத் தரை. அண்ணாந்து பார்க்க ஆசையாக இருந்தது. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி நிற்கக்கூடாது என்று, தினமும் வந்து போகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன். பார்வையாளர்களை ஒரு கம்பித் தடுப்போடு நிறுத்திவிட்டார்கள். பத்தடி தூரத்தில் கவுண்டர். பாய் சூட்கேஸைத் தூக்கி வைத்தார். சிவப்பு எழுத்தில் எண் வந்தது: 25.3.

கவுண்டரில் இருந்த மலையாளப் பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "அங்கிள், இருபதுதான் பாடுள்ளு. இது அஞ்சு கிலோ கூடுதலாணு."

பாய்க்குக் கேரள வியாபாரிகளோடு பேசிப் பழக்கம், இருபதுக்கு மேல் கூடாது என்கிறாள் என்று புரிந்துவிட்டது. "அது கழிவும்மா. சூட்கேஸக் கழிச்சா இருபதுதான். முன்னூறு கிராம் கயிறு, காலையிலதான் கட்டுனேன். வேணும்னா காலிபண்ணித் தனியா வச்சுப் பாரு. அஞ்சுக்கு மேல அஞ்சு கிராம் இருந்தா எம் பேர மாத்திக்கிறேன்."

"கழிவோ? ப்ளேன் சூட்கேஸையும் சேர்த்துத்தானே தூக்குது, அங்கிள்?"

பாய் மறுபடியும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏலே ஏர்போர்ட்டு! நேத்துத் தலைய ஆட்டுனியேடா!"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை, வேன் டிரைவர்.

கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். காலிப் பெட்டிக்குக் காசு கொடுத்ததாகத் தன் பரம்பரையிலேயே கிடையாது என்று பாய் மறுத்துவிட்டார். பிறகு அவள் தணிந்த குரலில் வேறு வழி சொன்னாள். கையில் வைத்திருக்கிற அட்டைப்பெட்டியை வெளியே இருக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டால், சூட்கேஸில் இருக்கிற பொட்டலங்களை ஒரு பையில் போட்டுக் கையிலேயே கொண்டு போகலாம். "முந்திரிங்ஙாதானே? அவிடெயும் கிட்டும், அங்கிள்." திராட்சைதானே, அங்கேயும் கிடைக்கும் என்கிறாள்.

பாய் அட்டைப்பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இது கிட்டாதும்மா. எம் மக நாலு மாசம். ஆறு வருசம் கழிச்சு உண்டாயிருக்கா. தண்ணி தங்கல அவளுக்கு. இத ஒண்ணுதான் கேட்டா. இத விட்டுட்டு நான் மட்டும் போயி என்ன செய்ய? அவ முகத்துல எப்படி முழிக்க?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளால் என்ன செய்ய முடியும், தராசு அவளுடையதில்லையே. நேற்றே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையிலேயே சரிபண்ணியிருக்கலாம்.

"பாய், பொட்டலத்த எல்லாம் எங்கிட்ட குடுங்க. நான் வீடு வீடாத் திருப்பிக் குடுத்துருறேன்" என்று தடுப்பில் இருந்து கத்தினேன்.

"அது அமானிதம்டா. நம்பிக் குடுத்தது. பஞ்சம்மா மகன் வந்து 'எங்கம்மா என்ன குடுத்து விட்டாக'ன்னு கேட்டா, உன் கதையவா சொல்லச் சொல்ற?"

கவுண்டர் மூட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. பாய் சூட்கேஸைப் பார்த்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் சூட்கேஸைப் பார்த்து, விரலை மடக்கி அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டென்று அவர் முகம் கடையில் இருக்கிற முகமாக மாறியது.

"கழிவு தரமாட்டீகளா? சரி. நான் சரக்க விடமாட்டேன், கிரேட்ட விட்டுட்டுப் போறேன்" என்றார்.

சொன்ன கையோடு சூட்கேஸைத் தரையில் இறக்கிக் கயிற்றை அவிழ்த்தார். போர்வையை உதறி அந்தக் கண்ணாடித் தரையில் விரித்தார். உடுப்பு அடியில், ஊறுகாய்ப் பாட்டில்கள் நடுவில், சுற்றிலும் வேட்டியும் துண்டும், மேலே பலகாரம், அதற்கும் மேலே இரண்டு கைலி. வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் கிரேட் அடுக்கிய கை அது, ஒரு பொருள்கூட ஆடாது. நாலு முனையையும் இழுத்துக் குறுக்கே முடிந்து, அதே கயிற்றால் நாலு பக்கமும் வரிந்து கட்டினார். துப்பாக்கிக்காரப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு நின்றுவிட்டார். வரிசையில் இருந்த ஒரு மலையாளத்துப் பெரியவர், "பாயி, எனிக்கும் ஒண்ணு கெட்டித் தருமோ?" என்று கேட்டார். அவருக்கும் மூன்று கிலோ கூடுதலாம்.

மேலதிகாரி ஒருவர் வந்து மூட்டையை உருட்டிப் பார்த்தார். பாயே உருட்டிக் காட்டினார். பிரிந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "என் கட்டுப் பிரிஞ்சா நானும் பொறுப்பில்ல, துனியாவே பொறுப்பில்ல" என்றபடி பாய் கையெழுத்துப் போட்டார்.

மூட்டை தராசில் ஏறியது. சிவப்பு எழுத்து ஒரு தடவை ஆடி நின்றது. 20.3.

அந்தப் பெண் எண்ணைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். அட்டையை மூட்டையில் ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

"முன்னூறு கிராம் கயிறல்லே? அது கழிவு, அங்கிள்."

பாய் அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு கொத்தை எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திராட்சைப் பெட்டியைக் கைக்குழந்தைபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

காலிச் சூட்கேஸை உருட்டிக்கொண்டு நான் வெளியே வந்தேன். வாசலில் பன்னிரண்டு பேரும் ஒரே குரலாக அலறினார்கள்.

"அல்லாவே! பெட்டி திரும்பி வருது, அவகள விடலையா?" என்று மெஹராஜ் அக்கா நெஞ்சில் கைவைத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். என் தலையாட்டலை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

திரும்பும்போது ஒரே மழை, வண்டி மெதுவாகத்தான் வந்தது. குமுளியில் டீ குடிக்க இறங்கியபோது எட்டு மணி இருக்கும். தமிழ்நாட்டு டவர் கிடைத்ததும் என் செல்போன் அடித்தது. நீளமான நம்பர். பாஜிலா.

"கர்ணண்ணே, அத்தா வந்துட்டாக. எல்லாரு பெட்டியும் பளபளன்னு வருது, நடுவுல ஒரு மூட்ட வருது. தூரத்துலயே இவுககிட்ட சொல்லிட்டேன், அது எங்கத்தா கட்டுன கட்டுன்னு." சிரித்தாள். குரலில் தெம்பு இல்லை, ஆனாலும் சிரித்தாள். "வெளிய வந்ததும் வீடு வரைக்கும் பொறுக்கலண்ணே. அங்கனயே ஒரு கொத்து தின்னுட்டேன். அம்மாகிட்ட சொல்லணும், குடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு அக்காவிடம் நீட்டினேன். பன்னிரண்டு பேரும் டீ கிளாஸோடு சுற்றி நின்றார்கள். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தங்குச்சா?"

"அரை மணி நேரமாச்சும்மா. உள்ளதான் இருக்கு."

அக்கா அப்படியே காலிச் சூட்கேஸின் மேல் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் இருந்து பாயின் குரல் போனில் கேட்டது.

"ஏலே கர்ணா, ஏழாம் மாசம் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வாரேன், வேன எடுத்துட்டு வந்துரு. எட நான் பாத்துக்கிறேன், நீ தலைய ஆட்டாத."