கண் திறந்த அரைமணி

வேலாயியின் இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பொன்னையா அவளுக்குக் கஞ்சி ஊட்டினான். விழுங்கியதில் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாக அவளுக்குக் கண் சொக்கியபோது, மலையில் நின்றபடியே தூங்குகிறாள் என்று கங்காணி ஏசினார். பிறகு கொழுந்து கிள்ளும் விரல்கள் ஓய்ந்தன, பேச்சு குழறியது. பேய் பிடித்ததென்று கோடாங்கி அடித்துப் பார்த்தார்கள். தோட்டத்து டாக்டரய்யா டானிக் கொடுத்தார். படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் மனைவியை ரயிலேற்றிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

யாழ்ப்பாணத்து டாக்டர் துரைராசா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால கட்டி ஒண்டு கிடக்கு. அதாலதான் தசையெல்லாம் சோருது. அபூர்வமான வருத்தம், லேசில வராத நோய். வெட்டி எடுக்கவேணும்."

"எடுத்தா பொழைச்சுக்குவாளாங்க?"

"நிச்சயமாச் சொல்லேலாது. போன வருசம் ரெண்டு பேருக்கு வெட்டினனாங்கள். ஒருத்தி சுகமாகி வீட்டை போனா."

மற்றவளைப் பற்றி அவன் கேட்கவில்லை. "வேணாங்க. எங்க லயத்து வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். எங்கையால கஞ்சி ஊத்தி வச்சுக்கிறேன்."

டாக்டர் அவள் கையில் ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் இமைகள் தாமாகவே மேலேறின. மாதக்கணக்கில் காணாத முழுக் கண்களோடு வேலாயி அவனைப் பார்த்தாள். பொன்னையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டான்.

"சாமி, இந்த ஊசியவே போடுங்க! கட்டிய விட்ருங்க!"

"இது அரை மணித்தியாலம்தான் நிக்கும். போகப் போக இதுவும் கேளாது. அவவிட்டைக் கேளுங்கோ."

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவளே பேசினாள், குழறாமல்.

"அறுங்கய்யா."

"புள்ள, ஒனக்கு வெளங்கல..."

"எல்லாம் வெளங்குது. கண்ணுதான் மூடிக் கெடந்திச்சு, காது மூடல. மூச்சு முட்டிச் சாகுறது எப்பிடின்னு எனக்குத் தெரியுமுங்க. படுக்கிறப்பல்லாம் பாத்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரொட்டி இருக்கா?"

துணி முடிச்சில் காய்ந்த ரொட்டி ஒன்று கிடந்தது. தன் கையாலேயே பிட்டு, தானே மென்று தின்றாள். ஏதோ கல்யாணச் சோறு மாதிரி அத்தனை ருசித்து. கடைசி வாயில் ஊசியின் வேகம் தீர்ந்து தாடை நின்றுவிட்டது. அவன்தான் விரல் விட்டு எடுத்துப் போட்டான்.

மறுநாள் அறுத்தார்கள்.

"முழுசா எடுக்கேலாமப் போச்சு. ரத்தக்குழாயோட ஒட்டிக் கிடந்தது. பாப்பம்" என்றார் டாக்டர். அவனுடைய தோளைத் தொட வந்த கை பாதியில் நின்றது.

அவள் இன்னும் கண் விழிக்கவில்லை. கழுத்தில் செருகிய குழாயில் காற்று சீறிப் போய்வந்தது. நெஞ்சின் வெள்ளைக் கட்டு மெல்ல மேலேறியது. அது இறங்கும்வரை பொன்னையா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.